வைண்டிங் பட்டறையில் கிதார் பழகிய பத்து மாதம்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் தொழிலில் ஈ ஓட்டவேண்டியதுதான். கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மாசியில் தொடங்கி வைகாசி வரை போர்வெல் வற்றும். சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீர் இல்லாமல் சுற்றி, காயில் கருகி, வரிசையாக வந்து வாசலில் படுத்துக்கொள்ளும். மழை பெய்தால் தோட்டத்துக்காரர் யாரும் மோட்டாரைத் தொடமாட்டார்கள். அப்படி ஓய்ந்த ஒரு மத்தியானம் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோதுதான் மகள் கட்டிலுக்கடியிலிருந்து கிதார் வெளியே வந்தது. 2020 ஊரடங்கில் ஆன்லைனில் 4,500 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தது. மூன்று வாரம் பழகினாள், விரல் வலிக்கிறது என்று வைத்துவிட்டாள். இப்போது விடுதியில் இருக்கிறாள். ஃபோனில் சொன்னால், "நீங்களே கத்துக்கோங்கப்பா" என்று சிரிக்கிறாள். எனக்கு 46 வயது. சரி, உட்கார்ந்துதான் பார்ப்போமே என்று தோன்றியது.

எந்த மோட்டார் வந்தாலும் எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி, எவ்வளவு ஆம்பியர் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது வழக்கம். அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் கிதாரையும் எழுத ஆரம்பித்தேன். இது அந்தப் பக்கங்களிலிருந்து எடுத்தது.

முதல் கம்பி அறுந்த கதை

கிதாரில் ஆறு கம்பி. மேலே இருக்கும் தடித்த கம்பிதான் ஆறாவது, கீழே இருக்கும் மெல்லியது முதலாவது. இந்தத் தலைகீழ்க் கணக்கு பிடிபடவே இரண்டு நாள் ஆனது. தடித்ததிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இரண்டு முனையிலும் ஈதான். தடித்த ஈ நொடிக்கு 82 முறை அதிர்கிறது, மெல்லிய ஈ 330 முறை. நடுவில் இரண்டு ஸ்தாயி இருக்கிறது.

பழைய கம்பிகள் துருப்பிடித்திருந்தன. 350 ரூபாய்க்குப் புது செட் வாங்கி வந்தேன். பிரித்துப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். மெல்லிய கம்பி 10 தௌ (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பத்து பங்கு), அதாவது கால் மில்லிமீட்டர். நம் கணக்கில் 33 கேஜ். தடித்த நான்கையும் உற்றுப் பார்த்தால் அது நம்ம வேலையேதான். நடுவில் ஒரு எஃகுக் கம்பி, அதைச் சுற்றி நெருக்கமாக வெண்கலக் கம்பி வைண்டிங். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று யோசித்தேன். தாழ்ந்த சுருதி வேண்டுமானால் கம்பி கனமாக இருக்கவேண்டும். ஒரே கம்பியைத் தடிமனாக்கினால் கம்பி விறைத்து ஆணி மாதிரி ஆகிவிடும், சரியாக அதிராது. சுற்றினால் எடை கூடும், வளைவும் போகாது. இருபத்து மூன்று வருடமாகக் கம்பி சுற்றுகிறவனுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

கம்பியை மாட்டிவிட்டு ஃபோனில் டியூனர் ஆப் போட்டு முறுக்கினேன். ஐந்து கம்பி ஒழுங்காக வந்தது. முதல் கம்பியில் வந்தது வினை. மீட்டினால் ஒரு நொடி ஏதோ காட்டுகிறது, உடனே ஜி என்கிறது. ஈ வரவேண்டிய இடத்தில் ஜி. இன்னும் எட்டவில்லை போல என்று முறுக்கினேன். மறுபடி ஜி. இன்னொரு சுற்று. டப்பென்று அறுந்து கன்னத்தில் கோடு போட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பித்தது.

மறுநாள்தான் காரணம் பிடிபட்டது. பட்டறை டெஸ்ட் பேனலில் டிரான்ஸ்ஃபார்மர் ஓடிக்கொண்டிருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ். கிதாரின் தடித்த கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையை) ஒட்டிப் பிடித்தால் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். ஆப்புக்கு என் கம்பி ஒரு நொடிதான் கேட்டது, மற்ற நேரமெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர்தான் பாடிக்கொண்டிருந்தது. அன்றே கிதாரின் தலையில் கவ்விக்கொள்ளும் கிளிப் டியூனர் ஒன்று வாங்கினேன். அது காற்றில் வரும் சத்தத்தைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வை மட்டும் எடுக்கிறது. சத்தமான இடத்தில் பழகுகிறவர்கள் முதலிலேயே அதை வாங்கிவிடலாம்.

விரலா, கிதாரா

யூடியூபில் சொன்ன வரிசைப்படி கார்டுகள், அதாவது பல கம்பியை ஒன்றாக ஒலிக்கவைக்கும் பிடிகள்: ஈ மைனர், ஏ மைனர், அப்புறம் ஜி, சி, டி. என் கை தாமிரக் கம்பி இழுத்து இழுத்து ஏற்கெனவே காய்த்த கை. விரல் வலியெல்லாம் நமக்கு எம்மாத்திரம் என்று நினைத்தேன். காய்ப்பு இருக்கிறது, இடம்தான் வேறு. எனக்குக் காய்த்திருப்பது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டிலும். கிதாருக்கு வேண்டியது இடதுகை நான்கு விரல் நுனி. அங்கே தோல் குழந்தைத் தோல் மாதிரி இருந்தது. முதல் வாரம் இட்லியைத் தொட்டாலே சுட்டது.

வலிகூடப் பரவாயில்லை. சத்தம் வரவில்லை. சி பிடித்தால் ஆறில் மூன்று கம்பி செத்துக்கிடந்தது. ஒரு நிமிடத்தில் சியிலிருந்து ஜிக்கு எத்தனை முறை மாறமுடிகிறது என்று கடிகாரம் வைத்து எண்ணும் பயிற்சி ஒன்று உண்டு. கார்த்திகை 10ஆம் தேதி நோட்டில் 9 என்று எழுதியிருக்கிறேன். மார்கழி முதல் வாரத்தில் 11. ஒரு மாதத்துக்கு இரண்டு கூடியிருக்கிறது. இந்த வேகத்தில் போனால் பேரன் கல்யாணத்துக்குத்தான் ஒரு பாட்டு வாசிக்கலாம்.

இன்னொன்றும் உறுத்தியது. திறந்த கம்பி ஆறும் டியூனரில் பச்சை காட்டும். கார்டு பிடித்ததும் நாராசமாக இருக்கும். எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது, ஆனால் மாமனார் பஜனை மடத்தில் ஹார்மோனியம் வாசிக்கிறவர். கேட்டுவிட்டு, "கிதாரு சுருதில இருக்குதுங்க மாப்ள. நீங்க புடிச்சா ஏறிப்போகுது" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது கம்பி வாங்கப் போன கடையில் தெரிந்தது. சுவரில் மாட்டியிருந்த கிதார் ஒன்றைச் சும்மா எடுத்து சி பிடித்துப் பார்த்தேன். விரல் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. ஆறில் ஐந்து கம்பி பேசியது. அதே விரல், அதே ஆள். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து விலை சொல்ல வாயெடுப்பதற்குள் வீட்டுக்கு வந்து வெர்னியரை எடுத்தேன்.

பன்னிரண்டாவது ஃபிரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் இடையே உள்ள இடைவெளியைத்தான் ஆக்‌ஷன் என்கிறார்கள். எஃகுக் கம்பி கிதாருக்குத் தடித்த பக்கம் இரண்டரை மில்லிமீட்டரை ஒட்டியும், மெல்லிய பக்கம் இரண்டை ஒட்டியும் இருந்தால் சுகம். என்னுடையதில் தடித்த பக்கம் 4.0, மெல்லிய பக்கம் 3.4. மகள் மூன்று வாரத்தில் விட்டுவிட்டதற்கு அவளைத் திட்டியிருக்கிறேன். அன்று ராத்திரியே ஃபோன் போட்டு, "உன்மேல தப்பில்ல கண்ணு" என்றேன். "எதுக்குப்பா?" என்றாள். விளக்க ஆரம்பித்ததும், "நாளைக்கு எக்ஸாம் இருக்குதுப்பா" என்று வைத்துவிட்டாள்.

கம்பி உயரத்தில் இருந்தால் இரண்டு கெடுதல். அமுக்க அதிக பலம் வேண்டும் என்பது ஒன்று. மற்றது மாமனார் கேட்டது. அதிக தூரம் அமுக்கும்போது கம்பி கூடுதலாக இழுபடுகிறது, இழுபட்டால் சுருதி ஏறுகிறது. ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு அளவு ஏறுவதால் கார்டு கலங்கிப்போகிறது.

சேடிலைத் தேய்த்தது

முதலில் நெக். ஆறு கம்பியும் சேர்ந்து கிதாரின் கழுத்தை இழுக்கிற இழுவை, என் 10 நம்பர் செட்டிலேயே கிட்டத்தட்ட 60 கிலோ. 12 நம்பர் செட் என்றால் 70 கிலோவைத் தாண்டும். அந்த இழுவைக்குக் கழுத்து முன்பக்கமாக வளையும். அதை எதிர்த்துப் பிடிக்க உள்ளே ஒரு இரும்புத் தண்டு, டிரஸ் ராட். கொஞ்சம் வளைவு வேண்டும், இல்லாவிட்டால் அதிரும் கம்பி ஃபிரெட்டில் தட்டும். நிறைய வளைந்தால் ஆக்‌ஷன் ஏறும்.

முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டேன், ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்கும் கவ்வி அது. கழுத்தும் உடம்பும் சேருமிடத்தில் 14ஆவது ஃபிரெட்டில் தடித்த கம்பியை ஒரு விரலால் அமுக்கினேன். இப்போது அந்தக் கம்பியே ஸ்கேல். நடுவில் ஏழாவது ஃபிரெட்டில் ஃபில்லர் கேஜ் விட்டுப் பார்த்தேன். பைக் வால்வு செட் செய்ய வைத்திருக்கும் அதே கேஜ்தான். 0.55 மில்லிமீட்டர் தகடு போனது. 0.25 இருந்தால் போதும். சவுண்ட் ஹோலுக்குள் கைவிட்டு அலன் கீயால் வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு சுற்று. ஒரு நாள் விட்டு மறுபடி எட்டில் ஒரு பங்கு. மூன்றாவது முறையில் 0.25 வந்து நின்றது. இதில் அவசரம் கூடாது. மரம் உடனே வளையாது, ராத்திரி யோசித்துக் காலையில் வளையும். கீ இறுக்கமாக நின்றால் அதோடு விட்டுவிடவேண்டும். போல்ட்டை உடைத்தால் கிதாரையே விறகுக்குப் போடவேண்டியதுதான்.

இதில் பன்னிரண்டாவது ஃபிரெட் உயரம் 4.0லிருந்து 3.8க்கு வந்தது. பாக்கி முழுவதும் சேடில். கிதாரின் கீழ்ப்பக்கம் பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டைதான் அது, கம்பியெல்லாம் அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பி நீளத்தின் சரிபாதி. ஒரு முனையைத் தாழ்த்தினால் நடுவில் பாதிதான் தாழும். நடுவில் 1.2 குறைக்க, சேடிலில் 2.4 தேய்க்கவேண்டும். என் அதிர்ஷ்டம், சேடில் பிரிட்ஜுக்கு மேலே ஐந்தரை மில்லிமீட்டர் நின்றுகொண்டிருந்தது. தேய்த்த பிறகும் மூன்று மிஞ்சும்.

கண்ணாடித் துண்டின்மேல் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, சேடிலின் அடிப்பக்கத்தில் பென்சில் கோடு போட்டுத் தேய்த்தேன். மேல்பக்கத்தைத் தொடக்கூடாது, அந்த வளைவு அளவாகச் செதுக்கியது. தேய்க்கிற வேலை நமக்குப் பழக்கம்தான். பழக்கம் என்கிற திமிரில் பாதியில் ஃபோன் பேசிக்கொண்டே தேய்த்தேன். அளந்தால் 3.0 போயிருந்தது. மாட்டிப் பார்த்தேன். 2.3. தடித்த கம்பி ஒவ்வொரு முறையும் 'ஜிர்ர்' என்று ஃபிரெட்டில் உரசியது, தளர்ந்த ஃபேன் கவர் மாதிரி.

புது சேடில் வாங்கலாம். மழை கொட்டிக்கொண்டிருந்தது, சோம்பல். மேசைமேல் கிடந்தது லெதராய்டு பேப்பர். மோட்டார் ஸ்லாட்டுக்குள் கம்பி இரும்பைத் தொடாமல் இருக்கப் போடுவோமே, அது. தடிமன் கால் மில்லிமீட்டர். சேடில் குழியின் அளவுக்கு இரண்டு பட்டை வெட்டி அடியில் போட்டேன். அரை மில்லி ஏறியது, நடுவில் கால் மில்லி. 2.55. ஜிர்ர் நின்றது. புதுச் சேடில் போடவேண்டும் என்று நோட்டில் எழுதி எட்டு மாதம் ஆகிறது. பட்டை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஒரு இடம் மட்டும் மிச்சம். முதல் ஃபிரெட்டில் அமுக்குவது இன்னும் கடினமாக இருந்தது. அது மறுமுனையில் உள்ள நட்டின் வேலை, கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் பட்டை அது. மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அமுக்கிக்கொண்டு முதல் ஃபிரெட்டின்மேல் இடைவெளி பார்க்கவேண்டும். ஒரு மயிரிழை போதும். எனக்குத் தாராளமாகத் தெரிந்தது. ஊசி அரத்தால் பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்தினேன். நான்கு பள்ளம் நன்றாக வந்தது, ஐந்தாவதில் அரம் ஒரு இழுப்பு அதிகமாகப் போய்விட்டது. அந்தப் பள்ளத்தில் ஆப்பசோடா தூவி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் நொடியில் கல்லாகிவிடும், மறுபடி அரம் போடலாம். இந்த வித்தையை நான் கண்டுபிடிக்கவில்லை, கிதார் ரிப்பேர் செய்கிறவர்கள் ஊரெல்லாம் செய்வது. ஆறாவது பள்ளத்தைத் தொடாமல் விட்டுவிட்டேன். துணிச்சல் தீர்ந்துவிட்டது.

வெர்னியர் கையில் இருந்த சூட்டோடு இன்னொன்றும் அளந்தேன். நட்டிலிருந்து சேடில் வரை 648 மில்லிமீட்டர். முதல் ஃபிரெட் 36.4 தள்ளி இருக்கிறது. 648ஐ 17.817ஆல் வகுத்தால் அதுதான் விடை. மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த ஃபிரெட். இப்படியே பன்னிரண்டு தடவை போனால் மிகச்சரியாகப் பாதி நீளம் வந்து நிற்கிறது. வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து, காதால் கேட்டு நகர்த்தி வைப்பார்கள். இங்கே வாய்ப்பாடு போட்டு மரத்தை அறுத்துவிடுகிறார்கள். 4,500 ரூபாய் கிதாரிலும் இந்த அளவு பிசகாமல் இருந்தது. உயரத்தைக் கோட்டை விட்டவர்கள் இதில் கோட்டை விடவில்லை.

தை முதல் வாரம்: சி–ஜி மாற்றம் 19. தை கடைசி: 31. ஃபிரெட்டின் முதுகுக்கு ஒட்டிப் பின்னால் அமுக்கவேண்டும், இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் அல்ல என்பதும் இந்த மாதம்தான் உறைத்தது. வீடியோவில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

தகதிமி

கார்டு வந்தது, பாட்டு வரவில்லை. ஃபோனில் பதிவுசெய்து கேட்டேன். கார்டு மாறும் இடத்திலெல்லாம் ஒரு விக்கல். மாட்டுவண்டி பள்ளத்தில் இறங்கி ஏறுவதுபோல. வீடியோக்காரர் என்னைப் பார்க்கமாட்டார், நான் தப்பாகச் செய்தாலும் "சூப்பர், அடுத்த பாடத்துக்குப் போவோம்" என்பார். அதுதான் தானாகப் படிப்பதில் உள்ள ஓட்டை. கம்பி உயரத்தை வெர்னியர் காட்டிக்கொடுக்கும், கை எங்கே நிற்கிறது என்று காட்டிக்கொடுக்க ஆள் வேண்டும்.

மாசியில் கோயம்புத்தூரிலேயே உள்ள ராமநாதபுரம் பக்கம் ஒரு மாஸ்டரிடம் சேர்ந்தேன். சர்ச் பாடகர் குழுவில் நாற்பது வருடமாக கிதார் வாசிக்கிறவர். சனிக்கிழமை ஒரு மணி நேரம், மாதம் 1,500. எனக்கு முன்னால் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், பின்னால் ஒரு கல்லூரிப் பெண். பையன் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். இனிஷியலில் தொடங்கி எட்டாம் கிரேடு வரை போகும் படிக்கட்டு அது. எங்கள் மாஸ்டர், சென்னையில் இசை கற்றுக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டரின் பேச்சை எடுத்தால் நிறுத்தமாட்டார். அவரிடம் படித்த இளையராஜா, அதே டிரினிட்டியின் கிளாசிக்கல் கிதார் பரீட்சையில் தங்கப் பதக்கம் வாங்கியதைப் பையனுக்கு வாராவாரம் ஞாபகப்படுத்துவார். என்னிடம் பரீட்சை எழுதுகிறாயா என்று ஒருமுறைதான் கேட்டார். ஐடிஐ பரீட்சையோடு போதும் மாஸ்டர் என்றேன்.

என் வாசிப்பை ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "தம்பி, இடது கை எக்கேடோ கெட்டுப் போகட்டும். வலது கையை நிறுத்தாதீங்க" என்றார். கிதாரைக் கீழே வைக்கச் சொன்னார். தொடையில் தகதிமி தகதிமி என்று தட்டச் சொன்னார். கை கீழே போகும்போது த, மேலே வரும்போது க, கீழே தி, மேலே மி. கை பெண்டுலம் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். கம்பியைத் தொடுவதும் தொடாமல் காற்றில் போவதும்தான் வித்தியாசம், ஆட்டம் நிற்கவே நிற்காது. சினிமாப் பாட்டில் பாதிக்கு உதவுகிற அந்த 'டவுன், டவுன்-அப், அப்-டவுன்-அப்' என்பதுகூட இரண்டு தகதிமியில் சில எழுத்துகளை விழுங்குவதுதான். த-கேட்கும், க-விழுங்கு, தி-கேட்கும், மி-கேட்கும். அடுத்ததில் த-விழுங்கு, க-தி-மி மூன்றும் கேட்கும். வீடியோவில் அம்புக்குறி போட்டு மூன்று மாதம் காட்டியும் ஏறாதது பத்து நிமிடத்தில் ஏறியது.

ஒரு மாதம் இரண்டே கார்டுதான். தாளம் தட்டும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60. கார்டு மாறும் நேரம் வந்தால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வலது கை அடிக்கவேண்டும். பாதி கார்டு செத்துச் சத்தம் வரும், பரவாயில்லை. இடது கை வெட்கப்பட்டு வேகமாக வந்து சேர்ந்துவிடும் என்றார். உண்மைதான். மூன்றாவது வாரத்தில் விக்கல் குறைந்தது. 6/8 தாளம் வந்தபோது 'தகிட தகிட' என்று மாற்றிக்கொடுத்தார். பட்டறையில் காயில் சுற்றும் மெஷின் கைப்பிடி சுற்றும்போதே வாய் தகிட சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் அப்படித்தான் சுற்றுக் கணக்கு விட்டுப்போய் 64 சுற்று போடவேண்டிய காயிலில் எத்தனை போட்டேன் என்று தெரியாமல் மொத்தத்தையும் அறுத்துப் போட்டேன். கம்பி விலை தெரிந்தவர்களுக்கு வயிறு எரியும்.

பங்குனி, சித்திரை: வேலை. நோட்டில் ஒன்றும் இல்லை. காலையில் பத்து நிமிடம் தொட்டதோடு சரி.

எஃப்

கிதார் பழகி விட்டுவிட்டவர்கள் யாரைக் கேட்டாலும் எஃப் கார்டில் விட்டேன் என்பார்கள். முதல் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து, மற்ற மூன்று விரலால் மேலே ஈ மேஜர் பிடிப்பதுபோல நெருக்கி நிறுத்தவேண்டும். வைகாசியில் இதைத் தொடங்கினேன். இரண்டு வாரம் கட்டைவிரல் அடிச்சதை வீங்கி ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை.

நான் ஆறு கம்பியையும் சம பலத்தோடு நசுக்கப் பார்த்தேன். மாஸ்டர் ஒரு கேள்வி கேட்டார்: "படுத்திருக்கற விரலு எந்தெந்தக் கம்பிக்கு வேணும், சொல்லுங்க பார்க்கலாம்?" யோசித்தால், மூன்று, நான்கு, ஐந்தாம் கம்பிகளை மற்ற விரல்கள்தான் அமுக்குகின்றன. ஆள்காட்டி விரலுக்கு வேலை ஆறாவது, இரண்டாவது, முதலாவது மூன்றில் மட்டும். நடுவில் இருக்கும் மூன்றுக்கு அது சும்மா படுத்திருந்தால் போதும். பாதி சுமை அங்கேயே இறங்கியது. அப்புறம் விரலின் அடிப்பக்கம் சதை, கம்பி அதில் புதைந்துபோகும். கட்டைவிரலைப் பார்த்த பக்கமாகக் கொஞ்சம் உருட்டினால் எலும்பு விளிம்பு வரும். கணுவுக்கு நேரே உள்ள மடிப்பில் ஒரு கம்பி விழுந்தால் விரலை இரண்டு மில்லி மேலேயோ கீழேயோ தள்ளவேண்டும். கட்டைவிரலால் நசுக்குவதைவிட, முழங்கையை உடம்போடு ஒட்டி முழுக்கையால் மெல்லப் பின்னால் இழுப்பது சுலபம். கிதாரின் உடம்பு வலது முழங்கையில் அணைந்து நிற்பதால் அது நகராது.

அதோடு இதை முதல் ஃபிரெட்டில் பழகவே வேண்டாம் என்றார். நட்டுக்குப் பக்கத்தில் கம்பி விறைப்பாக இருக்கும், ஃபிரெட்டும் அகலம். ஐந்தாவது ஃபிரெட்டில் இதே வடிவத்தைப் பிடித்தால் ஏ மேஜர். அங்கே வந்த பிறகு வாரம் ஒரு ஃபிரெட் கீழே இறங்கு. ஐந்து, நான்கு, மூன்று என்று ஆனி முழுக்க இறங்கினேன். இரண்டாவதில் பத்து நாள் நின்றேன். முதலாவதில் ஆறாவது கம்பி மட்டும் எவ்வளவு செய்தும் பேசவில்லை. துணிச்சல் தீர்ந்து விட்டுவிட்ட அந்த ஆறாவது பள்ளம்! அன்று ராத்திரி ஊசி அரத்தை எடுத்தேன். இந்த முறை ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டு. நான்கு இழுப்பு, அளவு, இரண்டு இழுப்பு, அளவு. ஆடி 4, ராத்திரி 10.40: எஃப், ஆறு கம்பியும். மனைவியை எழுப்பிக் காட்டினேன். "ம், நல்லாருக்குது. லைட்டை அணைங்க" என்றாள்.

ஐந்தரைக் கட்டை

ஆடிக் கிருத்திகைக்கு வீட்டில் வருடாவருடம் மனைவி முருகன் பாட்டுப் பாடுவாள், மாமனார் ஹார்மோனியம். இந்த வருடம் கிதாரும் சேரட்டும் என்றார்கள். அவள் பாடுவது ஐந்தரைக் கட்டை. ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி. ஐந்தரை ஜி ஷார்ப். அந்தச் சுருதியில் கார்டெல்லாம் விரலைப் படுக்கவைத்துப் பிடிப்பதாகவே வரும். அதற்குத்தான் கேப்போ. முதல் ஃபிரெட்டில் கேப்போவை மாட்டிவிட்டு ஜி வடிவத்தில் வாசித்தால் தானாக அரைக் கட்டை ஏறி ஐந்தரையில் வந்து நிற்கும். ஜி, சி, டி, ஈ மைனர், நான்கே கார்டு, தகிட தகிட. மூன்று மாதம் கட்டைவிரல் வீங்கிக் கற்ற எஃப் அந்தப் பாட்டில் ஒரு இடத்தில்கூட வரவில்லை.

இரண்டாவது சரணத்தில் மின்சாரம் போனது. கார்டு தெரியவில்லை, வலது கை நிற்கவில்லை. மாமனார் இருட்டில் ஒரு மாதிரி செருமினார். பாராட்டா, சளியா என்று கேட்கவில்லை.

எஃப் இப்போது பத்துக்கு ஏழு முறை சுத்தமாக வருகிறது. சி–எஃப் மாற்றம் நிமிடத்துக்கு 22. பி மைனரில் முதல் கம்பி இன்னும் செத்துப்போகிறது.

போன சனிக்கிழமை மாஸ்டர் தன் பழைய கிதாரைக் கையில் கொடுத்தார். "தம்பி, உங்களுதை நீங்களே பண்ணிக்கிட்டீங்களாமே. இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். முப்பது வருடக் கிதார். இப்போது பட்டறை மேசையில், காயில் அவிழ்த்த ஒரு அஞ்சு எச்.பி. மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் 4.6. நெக் வளைவு 0.3, அதில் குற்றம் இல்லை. சேடில் மேலே நிற்பது ஒன்றரை மில்லிதான், தேய்க்க இடமே இல்லை. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை உப்பியிருக்கிறது. கண்ணாடியை சவுண்ட் ஹோலுக்குள் விட்டு டார்ச் அடித்தேன். உள்ளே பலகையைத் தாங்கும் சட்டம் ஒன்றின் முனை ஒட்டு விட்டு, ஒரு ஃபில்லர் கேஜ் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருக்கிறது. 0.40 போகிறது. கம்பியை முழுக்கத் தளர்த்தி வைத்திருக்கிறேன். அந்த ஓட்டைக்குள் என் கை மணிக்கட்டு வரைதான் போகிறது, சட்டம் அதற்கும் நான்கு விரல் தள்ளி இருக்கிறது. கிளாம்ப் ஒன்று வளைத்துச் செய்யவேண்டும்.